கைத்தொழிலையும் கல்வியையும் சேர்த்தே வளர்த்த ஜம்ஷெட்ஜி டாட்டா

ஒரு செல்வந்தர் எவ்வளவு பொருளீட்டினார் என்பதை அவருடைய காலத்தவர் கணக்கிடுவர். அப்பொருளைக் கொண்டு அவர் எதனை நிலைநிறுத்திச் சென்றார் என்பதையே பின்வரும் தலைமுறைகள் கணக்கிடுகின்றன. ஈட்டுவதில் வல்லவர்களுக்கும், ஈட்டியதை வாரி வழங்கிய வள்ளல்களுக்கும் நமது பிராந்தியத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் தொழில் தொடங்கும்போதே சமூகத்தின் உயர்வையும் அதற்குள் அடக்கித் திட்டமிட்டவர்கள் மிகச் சிலரேயாவர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாட்டா ஆவார்.

அவர் மறைந்து 120 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. டாட்டா என்னும் பெயர் லொறியிலும் தேயிலைப் பொதியிலும் உப்புப் பைக்கற்றிலும் நமக்கு அறிமுகமான பெயர்தான். எனினும் அப்பெயருக்குரிய மனிதர் கடந்துவந்த பாதையை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. சிறுபான்மைச் சமூகமொன்றில் பிறந்து, அந்நிய ஆட்சியின் கீழ் தொழில் நடத்தி, இடையில் அனைத்தையும் இழக்கும் நிலைக்கு வந்து மீண்டெழுந்த அவரது வாழ்வில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல உள்ளன.

மதகுருமார் குடும்பத்திலிருந்து வர்த்தகத்துக்கு

ஜம்ஷெட்ஜி 1839 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3 ஆம் திகதி குஜராத்தின் நவ்சாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அடைக்கலம் தேடி இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த பார்ஸி சமூகத்தவர் அவர்கள். ஸொராஸ்திரிய மதகுருமாரின் பரம்பரையில், முதன்முதலில் வர்த்தகத்தை நாடிப் பம்பாய்க்குச் சென்றவர் அவருடைய தந்தையார் நுஸர்வான்ஜி ஆவார். பதினான்காவது வயதில் தந்தையாரிடம் சென்ற ஜம்ஷெட்ஜி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858 ஆம் ஆண்டு கல்வியை நிறைவு செய்தார். படிப்பின் மீது அன்று கொண்ட பற்று இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1859 ஆம் ஆண்டு குடும்ப வர்த்தகத்தின் கிளையொன்றை அமைப்பதற்காக அவர் ஹொங்கொங் சென்றார். அக்காலத்துப் பம்பாய் வர்த்தகர் பலரைப் போன்றே டாட்டா குடும்பத்தினரும் சீனாவுடன் பருத்தி வாணிபத்தில் மாத்திரமன்றி அபினி வாணிபத்திலும் ஈடுபட்டிருந்தனர். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இதனைச் சொல்லாமற் கடந்து செல்வதுண்டு. அன்றைய சட்டம் அதனைத் தடை செய்திருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் சட்டம் அனுமதித்த யாவும் நன்மையானவை என்று கொள்வதற்கில்லை. பின்னாளில் அவர் தமது வல்லமையையெல்லாம் உற்பத்தித் தொழிலின் பக்கம் திருப்பினார் என்பதையும் இத்துடன் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

வீழ்ச்சியில் வெளிப்பட்ட நேர்மை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 இல் மூண்டபோது இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காது போயிற்று. இந்தியப் பருத்தியின் விலை விண்ணைத் தொட்டது. பம்பாயில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. புதிய வங்கிகளும் பங்கு வியாபாரங்களும் காளான்கள் போல் முளைத்தன. 1865 இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. நேற்றைய கோடீஸ்வரர்கள் கடனாளிகளாயினர். டாட்டா குடும்பமும் அவ்வீழ்ச்சியில் சிக்கிக்கொண்டது.

அவ்வேளை ஜம்ஷெட்ஜி இலண்டனில் இருந்தார். அவர் கையிலிருந்த பிணைப்பத்திரங்கள் பெறுமதியற்றுப் போயின. இருபத்தாறு வயது இளைஞரான அவர் எங்கும் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தோரையும் வங்கியாளரையும் நேரிற் சந்தித்து, உள்ள நிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையில் நம்பிக்கை வைத்த அவர்கள், மாதம் 20 பவுண் சம்பளத்தில் அவரையே அந்நிறுவனத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பாளராக நியமித்தனர். கடனாளியையே கடன் தீர்க்கும் அதிகாரியாக அமர்த்துவது வர்த்தக உலகில் அரிதாக நிகழ்வதொன்றாகும். முதலை இழந்தபோதும் நாணயத்தை இழக்காதிருந்தமையே அவரது அடுத்த முயற்சிக்கு முதலாக அமைந்தது.

அபிசீனியாவுக்குச் சென்ற பிரித்தானியப் படையினருக்குப் பொருட்களை வழங்கும் ஒப்பந்தத்தினால் குடும்பம் மீண்டும் தலைநிமிர்ந்தது. 1868 ஆம் ஆண்டு, தமது 29 ஆவது வயதில், 21,000 ரூபா மூலதனத்துடன் ஜம்ஷெட்ஜி தமது சொந்த வர்த்தக நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகறிந்த டாட்டா குழுமத்தின் தொடக்கம் அதுவேயாகும். மறு வருடம் சிஞ்ச்பொக்லியில் நட்டமடைந்து மூடப்பட்டுக் கிடந்த எண்ணெய் ஆலையொன்றை வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றி, இரண்டு ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று லங்காஷயரின் நெசவுத் தொழிலை நுணுகி ஆராய்ந்து திரும்பினார்.

நாக்பூரில் ஒரு புதிய பாதை

பருத்தி ஆலை தொடங்குவதென்றால் பம்பாய்க்கே செல்ல வேண்டும் என்பது அன்றைய பொது எண்ணம். ஜம்ஷெட்ஜி வேறு விதமாகச் சிந்தித்தார். பருத்தி விளையும் நிலம், புகையிரத வசதி, நீர், எரிபொருள் ஆகியவை அருகருகே அமைந்த இடம் எதுவென்று தேடினார். மத்திய இந்தியாவின் நாக்பூர் அவரது தெரிவாயிற்று. 1874 ஆம் ஆண்டு 15 இலட்சம் ரூபா மூலதனத்தில் கம்பனி பதிவு செய்யப்பட்டது. சதுப்பு நிலத்தை நிரப்பி ஆலை கட்டுவதைக் கண்ட பணமுதலை ஒருவர், பொன்னைச் சேற்றில் புதைப்பதற்குத் தாம் உடன்பட முடியாதெனக் கூறி முதலிட மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1877 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்ட எம்ப்ரஸ் ஆலை, நாளடைவில் இந்தியாவின் தலைசிறந்த ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது.

இவ்வெற்றியின் பின்னணியில் இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று, புதுமையை முந்திக்கொண்டு ஏற்கும் துணிவு. வளையக் கதிர் எனப்படும் புதிய நூற்பு முறையை லங்காஷயர் ஆலைகளே ஐயத்துடன் நோக்கிய வேளையில், எம்ப்ரஸ் ஆலை அதனைச் சோதித்துப் பார்த்து விரைவாகக் கைக்கொண்டது. மற்றையது, ஆட்களைத் தெரிவு செய்யும் திறன். ஆலையின் முகாமையாளராக அவர் நியமித்த பெஸோன்ஜி தாதாபாய் மேத்தா புகையிரதப் பகுதியில் பணியாற்றியவர். நெசவு பற்றி எதுவும் அறியாதவர். தொழிலைக் கற்பிக்கலாம், நிர்வாகத் திறமையும் நாணயமும் கூடவே பிறந்தவை என ஜம்ஷெட்ஜி கருதினார் போலும். அவரது கணிப்புப் பொய்க்கவில்லை.

தொழிலாளர் விடயத்தில் அவர் மேற்கொண்டவை மேலும் கவனத்துக்குரியவை. நாக்பூர் மக்களுக்கு ஆலைத் தொழில் புதியது. வேலைக்கு வருவதும் வராமல் விடுவதும் அவர்கள் மனம்போல் நடந்தது. தண்டப்பணம் அறவிடுவது அக்கால வழக்கம். ஜம்ஷெட்ஜியோ ஒழுங்காக வருவோருக்குப் பரிசில்கள் வழங்கினார். விளையாட்டு விழாக்களை நடத்தினார். வெப்பமும் தூசியும் நிறைந்த ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதனுக்கும் தீப்பாதுகாப்புக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1886 ஆம் ஆண்டில் ஓய்வூதிய நிதியும், 1895 ஆம் ஆண்டில் விபத்து நட்டஈடும் ஏற்படுத்தப்பட்டன. இவற்றை அவரிடம் கேட்டுப் பெறுவதற்கு அன்று தொழிற்சங்கங்களும் இருக்கவில்லை. இவற்றை வலியுறுத்தும் சட்டமும் இருக்கவில்லை. தொழிலாளியின் நலன் பேணப்பட்டாலன்றித் தொழில் நிலைக்காது என்ற தெளிவே இவற்றுக்குக் காரணமாகும்.

தோல்வியும் அதன் பாடமும்

ஜம்ஷெட்ஜி தொட்டதெல்லாம் பொன்னாயிற்று என்று கூறுவதற்கில்லை. பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நூல் ஏற்றிச் செல்லும் கப்பற் போக்குவரத்தில் பி. அன்ட் ஓ. கம்பனியின் ஆதிக்கம் மேலோங்கியிருந்தது. அக்கம்பனி விதித்த கட்டணம் இந்திய ஆலைகளின் இலாபத்தை விழுங்கியது. இதனை முறியடிக்க எண்ணிய ஜம்ஷெட்ஜி 1893 ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்று, நிப்பொன் யூசென் கைஷா என்னும் கப்பற் கம்பனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, வாடகைக் கப்பல்களுடன் டாட்டா கப்பற் சேவையைத் தொடங்கினார்.

எதிர்த்தரப்பு தன் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. டாட்டாவுக்கு ஆதரவளிப்பதாக உறுதி கூறிய வர்த்தகர்களே, கைக்கெட்டிய சிறு இலாபத்துக்காக ஒவ்வொருவராக மறுபக்கம் சாய்ந்தனர். பெருநட்டத்துடன் அச்சேவை நிறுத்தப்பட்டது. அது நின்றதும் கட்டணம் மீண்டும் உயர்ந்தது; விட்டு விலகிய வர்த்தகர்களே அதன் சுமையையும் சுமந்தனர். ஒரு சமூகத்தின் வர்த்தகர்கள் இன்றைய ஒரு ரூபாவுக்காக நாளைய பத்து ரூபாவை விட்டுக்கொடுப்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இனாமாக அன்றிக் கடனாக

இக்கப்பற் போட்டிக்கு ஓராண்டு முன்னதாக, 1892 ஆம் ஆண்டில், ஜம்ஷெட்ஜி மற்றொரு பணியை ஆரம்பித்திருந்தார். வெளிநாடுகளில் உயர்கல்வி பெற விரும்பும் திறமைமிக்க மாணவர்களுக்கான நிதியமே அது. இதன் அமைப்பில் இரண்டு அம்சங்களை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, பணம் இனாமாக வழங்கப்படவில்லை, கடனாகவே வழங்கப்பட்டது. படித்துத் தொழில் பெற்ற பின்னர் மாணவர் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த மாணவருக்குச் செல்லும். இதனால் வாங்குபவரின் தன்மானமும் காக்கப்பட்டது. நிதியமும் வற்றாது நின்றது. தளர்ந்தோரைத் தாங்கிப் பிடிப்பதோடு மட்டும் நின்றுவிடாது, ஆற்றல் மிக்கோரை உயர்த்திவிட்டால் அவர்கள் பலரை உயர்த்துவர் என்பது அவரது கொள்கை. ஒரு நேரப் பசியைத் தீர்க்கும் தருமம் உயர்ந்ததே. அதனோடு நின்றுவிடும் சமூகம் மறுநாளும் அதே வரிசையில் நிற்க நேரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரண்டாவது, தொடக்கத்தில் பார்ஸி மாணவர்களுக்கென அமைக்கப்பட்ட அந்நிதியம் 1894 ஆம் ஆண்டில் எல்லாச் சமூகத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. இந்தியா முழுவதிலும் ஒரு இலட்சம் பேர்கூட இல்லாத சமூகம் பார்ஸி சமூகம். தம்மவரின் நலனைப் பேணுவதையே முதற்கடனாகக் கொள்வது சிறுபான்மையினரின் இயல்பு. அதில் பிழையில்லை. ஆனால் அயலவர் பின்தங்கியிருக்கத் தாம் மட்டும் நிலைத்து முன்னேற முடியாது என்பதை இரண்டே ஆண்டுகளில் கண்டு கதவைத் திறந்துவிட்டமை அவரது தொலைநோக்கைக் காட்டுகிறது. கேரளத்தின் தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த கே.ஆர். நாராயணன் இந்நிதியத்தின் உதவியுடன் இலண்டனில் பயின்றவர். அவர் 1997 ஆம் ஆண்டு இந்தியாவின் ஜனாதிபதியானார். திறந்த கதவொன்று யாரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைத் திறந்தவரே அறியமாட்டார்.

காணாமற்போன மூன்று கனவுகள்

வாழ்வின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளில் ஜம்ஷெட்ஜியின் மனதை மூன்று திட்டங்கள் ஆட்கொண்டிருந்தன. விஞ்ஞான ஆராய்ச்சிக்கான உயர்கல்வி நிலையம், உருக்குத் தொழிற்சாலை, நீர்மின் நிலையம் என்பவையே அவை. இம்மூன்றும் தனித்தனியானவை போல் தோன்றினும் ஒன்றையொன்று தாங்குபவை. உருக்கின்றி இயந்திரமில்லை, மின்சக்தியின்றி இயக்கமில்லை, அறிவின்றி இரண்டுமில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்கென 1898 ஆம் ஆண்டில் அவர் அளிக்க முன்வந்தது, பம்பாயிலிருந்த 30 இலட்சம் ரூபா பெறுமதியான கட்டடங்களும் காணிகளுமாகும். அது அவரது சொத்தின் ஏறத்தாழ அரைவாசியாகும். புதிய அரசப் பிரதிநிதியாக வந்த கேர்சன் பிரபுவிடம் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டபோது, இத்தகைய உயர்கல்விக்கு மாணவர்கள் சேருவார்களா, சேர்ந்து படித்தாலும் வேலை கிடைக்குமா என அவர் ஐயம் எழுப்பினார். விஞ்ஞானி வில்லியம் ராம்சே இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டு, பெங்களூரே ஏற்ற இடம் எனச் சிபாரிசு செய்தார். கடிதங்களும் குழுக்களும் அறிக்கைகளுமாக ஆண்டுகள் கழிந்தன.

உருக்குத் தொழிற்சாலைக் கனவு அதனினும் பழையது. மத்திய இந்தியாவின் இரும்புத் தாது பற்றி ஜேர்மன் நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கையை 1882 ஆம் ஆண்டில் அவர் வாசித்தார். சுரங்க விதிகள் இடம்கொடாமையால் 17 ஆண்டுகள் காத்திருந்தார். 1899 இல் விதிகள் தளர்த்தப்பட்டதும், அறுபதைக் கடந்த வயதில் மீண்டும் எழுந்தார். 1902 ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று உருக்கு ஆலைகளையும் சுரங்கங்களையும் பார்வையிட்டு, சார்ள்ஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியலாளரை இப்பணிக்கு உடன்படச் செய்தார்.

அதே ஆண்டில், தொழிற்சாலைக்கான இடம்கூடத் தெரிவு செய்யப்படாத வேளையில், தம் மூத்த புதல்வர் டொராப்ஜிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளர் வாழும் நகரில் வீதிகள் அகலமாக அமைய வேண்டும். விரைந்து வளரும் நிழல்மரங்கள் நடப்பட வேண்டும். பூங்காக்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் தாராளமாக நிலம் விடப்பட வேண்டும். இந்துக் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பன அவரது அறிவுறுத்தல்கள். உலையின் கொள்ளளவைப் பற்றிச் சிந்திக்கும்போதே உழைப்பவனின் நிழலைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் அவர் சிந்தித்தார்.

எனினும், 1903 ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலைத் தவிர, தமது பெருந்திட்டங்களுள் எதனையும் நிறைவேறிய நிலையில் காண அவருக்குக் கிடைக்கவில்லை. 1904 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் திகதி ஜேர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் அவர் காலமானார். இங்கிலாந்தின் புரூக்வூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவின் பின்னர் விளைந்தவை

ஒருவர் மறைந்ததும் அவரது திட்டங்களும் மறைந்துவிடுவது நாம் அடிக்கடி காணும் காட்சி. இங்கே அது நிகழவில்லை. புதல்வர்களான டொராப்ஜியும் ரத்தன்ஜியும், ஏனைய உறவினரும், ஜம்ஷெட்ஜி தேடிச் சேர்த்த நிபுணர்களும் பணியைத் தொடர்ந்தனர். 1907 ஆம் ஆண்டு உருக்குக் கம்பனி பதிவு செய்யப்பட்டது. இலண்டன் பணச் சந்தை கைவிரித்தபோது பம்பாயில் மக்களிடம் பங்குகள் விற்கப்பட்டன. சுதேசி உணர்வு மேலோங்கியிருந்த அக்காலத்தில், மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் தேவையான மூலதனம் முழுவதையும் வழங்கினர். 1912 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதலாவது உருக்கு வார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே எட்டு மணி நேர வேலை நாளும் நடைமுறைக்கு வந்தது. 1919 இல் அந்நகர் ஜம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

மைசூர் அரசு 371 ஏக்கர் காணியை வழங்க, 1909 ஆம் ஆண்டு பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவகம் உருவாயிற்று. நொபெல் பரிசு பெற்ற தமிழரான சேர் சி.வி. ராமன் 1933 ஆம் ஆண்டு அதன் முதலாவது இந்தியப் பணிப்பாளரானார். மாணவர்கள் வருவார்களா என்ற கேர்சனின் ஐயத்துக்கு அதனைவிடச் சிறந்த பதில் கிடைத்திருக்க முடியாது. 1915 இல் நீர்மின்சாரமும் பம்பாயை வந்தடைந்தது. 1924 இல் உருக்குக் கம்பனி சம்பளம் கொடுக்க வழியின்றித் தத்தளித்தபோது, டொராப்ஜி தமது சொந்தச் சொத்துடன் மனைவியின் நகைகளையும் ஈடுவைத்து அதனைக் காப்பாற்றினார். தந்தை விட்டுச் சென்ற செல்வத்தோடு அவரது கடப்பாட்டையும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். இன்றும் குழுமத்தின் தாய் நிறுவனமான டாட்டா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு அறக்கட்டளைகளுக்கே உரியவையாகும்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. ஜம்ஷெட்பூர் எழுந்த மண் ஆதிவாசிக் கிராமங்களின் மண்ணாகும். 1920 களில் அந்நகரில் தொழிலாளர் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2006 ஆம் ஆண்டு ஒரிசாவின் கலிங்கநகரில், டாட்டா உருக்கு ஆலைக்கான காணி தொடர்பில் எழுந்த எதிர்ப்பின்போது பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 இற்கும் அதிகமான ஆதிவாசிகள் உயிரிழந்தனர். நிறுவனர் ஒருவரின் நல்ல நோக்கம், அவருக்குப் பின்வரும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உத்தரவாதமாகாது. மரநிழலும் மைதானமும் திட்டத்தில் இடம்பெற்றது போன்று, நிலத்தை இழப்பவரின் குரலும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதை நாம் இன்று சொல்லியே ஆகவேண்டும்.

நமக்கான செய்தி

இத்தகைய மரபு நமக்கு அந்நியமானதன்று. ஜம்ஷெட்ஜி கல்வி நிதியத்தை நிறுவிய அதே 1892 ஆம் ஆண்டில்தான் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலான பெருமக்களின் முயற்சியால் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அடித்தளம் இடப்பட்டது. அதற்குச் சற்று முன்னராக யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியார்கள் இந்துக் கல்லூரியை நிலைநிறுத்தினர். பேருவளையின் இரத்தினக்கல் வர்த்தகரான நளீம் ஹாஜியார் 1973 ஆம் ஆண்டில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். வர்த்தகரின் பணமும் கல்விமானின் சிந்தனையும் கைகோத்தபோதெல்லாம் நமது சமூகங்கள் ஒரு படி உயர்ந்துள்ளன.

அந்த மரபை நாம் எந்த அளவுக்குத் தொடர்கிறோம் என்பதே கேள்வி. போரும் இடப்பெயர்வும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் நமது இளைஞர்களின் கண்களை விமான நிலையத்தின் பக்கம் திருப்பிவிட்டுள்ளன. உள்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நம்மவரிடம் பணம் இல்லாமலில்லை. கொடுக்கும் மனமும் குறைந்துவிடவில்லை. ஆனால் கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி ஒரு நாள் விழாவுடனோ ஒரு கட்டடத் திறப்புடனோ முடிந்துவிடுகிறது. திரும்பி வந்து மீண்டும் புறப்படும் கல்விக் கடன் நிதியங்கள், ஊருக்குள்ளேயே தொழில் தரும் சிறு தொழிற்சாலைகள், தொழிலாளியின் பாதுகாப்பைச் சட்டம் கேட்கும் முன்னரே வழங்கும் முதலாளிமார், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கும் இடமளிக்கும் புலமைப்பரிசில்கள் என்பவையே நமக்கு இன்று வேண்டியவை.

இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. ஜம்ஷெட்ஜி தமது நிறுவனத்தைத் தொடங்கியது 21,000 ரூபாவுடன்தான். ஒரு ஊரின் பத்து வர்த்தகர்கள் கூடி ஆண்டுக்கு இரண்டு மாணவருக்குக் கல்விக் கடன் வழங்கினாலும், அதனைத் திருப்பிப் பெற்று அடுத்த இருவருக்குக் கொடுக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினாலும், இருபது ஆண்டுகளில் அவ்வூரின் முகம் மாறிவிடும். அம்மாற்றத்தைத் தொடங்கி வைப்பவர்கள் அதனைக் காணாமலும் போகலாம். ஜம்ஷெட்ஜியும் காணவில்லை. தொடர்ந்து செய்வதற்குரிய ஆட்களையும் ஒழுங்குகளையும் அவர் விட்டுச் சென்றிருந்தார். நமது செல்வந்தர்களிடமும் அமைப்புகளிடமும் சமூகம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவேயாகும்.